இருபது நிமிஷத் தூக்கம்

பெரியவளுக்குத் தன் ஓரகத்தியின் வேலைமேல் மரியாதை கிடையாது. அதை மூடிமறைத்துப் பயனில்லை, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே கட்டடத்தில் கீழ்வீடும் மேல்வீடுமாகக் குடியிருக்கிற இரண்டு பெண்களுக்குள் இதுகூட இல்லாவிட்டால் எப்படி? பெரியவள் புற்றுநோய் மருத்துவமனையில் இயற்பியலாளர். நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு யாருக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு போகவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவள். கொஞ்சம் பிசகினாலும் நல்ல சதை வெந்துபோகும். சின்னவளோ கம்ப்யூட்டர் வைரஸ்களை ஆராய்கிறவள். ஐந்தே பேர் இருக்கிற ஒரு நிறுவனம், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு திரையில் ஓடும் எண்களை மணிக்கணக்காக வெறித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை மாடியேறிப் போய் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த பெரியவள், சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார இப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று கணவனிடம் கேட்டாள். கணவன் சிரித்தான். சுவருக்கு மட்டுமா காது இருக்கிறது, மாடிப்படிக்கும் இருக்கிறது. படியில் பாதி இறங்கியிருந்த சின்னவள் அப்படியே திரும்பி மேலே போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பெரியவள் வழக்கம்போலத் தன் அறையைத் திறந்து கம்ப்யூட்டரைத் தட்டினாள். நோயாளிகளின் பட்டியல் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு கடிதம். உங்கள் ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, சாவி எங்களிடம் மட்டும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் கீழே உள்ள முகவரியில் பேசுங்கள், பிந்தினால் சாவியை அழித்துவிடுவோம். கடைசியில் ‘உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று வேறு போட்டிருந்தது. வழிப்பறி செய்கிறவனுக்கு இவ்வளவு பண்பாடா என்று வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் ஓடிப்போய்ப் பக்கத்துக் கம்ப்யூட்டரையும் தட்டிப் பார்த்தாள், அங்கேயும் அதே கடிதம்.

கரண்ட் வைக்கிற மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நன்றாகத்தான் நின்றது. ஆனால் திட்டம் இல்லாமல் அது வெறும் இரும்பு. நாற்பத்தோரு பேருக்குச் சிகிச்சை பாதியில் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு, இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, எல்லாம் அந்த சர்வரில்தான். நகல் ஒன்று இருந்தது. அதை சர்வரோடு எப்போதும் மாட்டியே வைத்திருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தது அந்தச் சனியன். புதிதாகத் திட்டம் போடலாம்தான், மறுபடி எல்லாரையும் ஸ்கேன் எடுத்து, ஆளுக்கு மூன்று நான்கு நாள் உழைத்து.

வெளியே தாழ்வாரத்தில் முதல் நாற்காலியில் பள்ளிக்கூட பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் புற்று. முப்பத்தைந்து தடவை கரண்ட் வைக்க வேண்டியதில் இருபத்திரண்டு முடிந்திருந்தது. தினமும் எட்டு மணிக்கு முதல் ஆள் அவர்தான். குரல் பாதி போயிருந்தாலும் வாய் ஓயாது. தொண்டை போனால் என்ன, ஹாரன் இருக்கிறதே என்று செவிலியர்களைச் சிரிக்க வைப்பார். இன்றைக்கு மெஷினில் ஒரு சின்னக் கோளாறு என்று பெரியவள் அவரிடம் போய்ச் சொன்னபோது, வண்டி என்றால் மக்கர் பண்ணத்தான் செய்யும் என்று தேறுதல் சொன்னவர் அவர். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்து நின்றாள்.

பெரிய டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். மற்றவர்கள் ஒரு வாரம் தாங்குவார்கள். தொண்டைக்காரர்கள் தாங்கமாட்டார்கள். அந்த இடத்துக் கட்டி, சிகிச்சை நின்றால் நின்ற நாளிலிருந்து மறுபடி வளரப் பார்க்கும். டிரைவரை வியாழக்கிழமைக்குள் மெஷினில் படுக்க வைக்காவிட்டால் அவர் பிழைக்கிற வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். இதைச் சொல்லிவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று பெரியவளையே கேட்டார்.

அவருக்குப் பின்னால் சிஸ்டம் சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மருத்துவமனையின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர். நல்ல மனிதர். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்து, சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமே என்பது அவர் யோசனை. பெரியவளுக்கு அது சரியென்றும் படவில்லை, தப்பென்று சொல்லவும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல்தான் சின்னவளுக்கு போன் போட்டாள். அதை இப்போதும் அவள் ஒப்புக்கொள்வாள்.

சின்னவள் மூன்று கேள்வி கேட்டாள். பிறகு அவள் குரலே மாறிவிட்டது.

“அக்கா, எதையும் அணைக்க விடாதீங்க. நெட் வயரை மட்டும் பிடுங்கச் சொல்லுங்க. ரீஸ்டார்ட், ஃபார்மட்னு யாராவது கிட்ட வந்தா கையைத் தட்டி விடுங்க. நாப்பது நிமிஷத்துல வர்றேன்.”

முப்பத்தைந்து நிமிஷத்தில் வந்தாள். தோளில் ஒரு பை, அதில் மூன்று லேப்டாப், ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு பென்சில். வந்தவள் ஆறுதல் வார்த்தை எதுவும் பேசவில்லை. சர்வரின் முன்னால் உட்கார்ந்து அதன் மெமரியில் அந்த நேரத்தில் இருந்ததையெல்லாம் அப்படியே அள்ளித் தன் டிஸ்க்கில் போட்டுக்கொண்டாள். இந்த மாதிரி வைரஸ் வேலை முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொண்டு போய்விடுமாம். ஆனால் மெஷின் அணையாத வரைக்கும் அதன் துண்டு துணுக்கு மெமரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அணைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். சிஸ்டம் சார் சுவிட்சுப் பக்கமிருந்து விலகி நின்றார்.

அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைரஸை முழுசாக மீட்டெடுக்க மதியம் ஆகிவிட்டது. பிறகு அதை ஒரு லேப்டாப்புக்குள் ஓடவிட்டாள். எந்த வலையோடும் சேராத, கெட்டுப்போனாலும் கவலையில்லாத லேப்டாப் அது. அதன் திரையை எட்டிப் பார்த்த பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒரு கணக்கு டீச்சரின் கம்ப்யூட்டர். மதிப்பெண் பட்டியல்கள், பல்வலிக்கு விடுப்புக் கேட்டு எழுதிய கடிதம், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பாதி எழுதி நிறுத்திய புகார், மங்கலான பூனைப் படங்கள். யாருடையதை எடுத்துவந்து இப்படிப் பலிகொடுக்கிறாள்?

அப்படி ஒரு டீச்சரே கிடையாது என்றாள் சின்னவள். அவளே நான்கு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிய ஆள். வைரஸ் எழுதுகிறவர்கள் பலே கில்லாடிகள். வந்து இறங்கிய இடம் உண்மையில் யாரோ புழங்குகிற கம்ப்யூட்டரா, அல்லது ஆராய்கிறவர்கள் வைத்த பொறியா என்று வைரஸை மோப்பம் பிடிக்க வைத்துவிடுவார்கள். காலியான வீடு மாதிரி இருந்தால் அது வாயைத் திறக்காது. அதனால்தான் டீச்சருக்குப் பல்வலி, அதனால்தான் பூனை. பெரியவள் மறுபடி திரையைப் பார்த்தாள். தண்ணீர்ப் புகாரில் ஒரு எழுத்துப்பிழை கூட இருந்தது. மேலே உட்கார்ந்து இவள் சும்மா இல்லை என்று அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு உறைத்தது. வைரஸும் டீச்சரை நம்பிவிட்டது. அவளுடைய மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கியது. சின்னவள் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இடி விழுந்தது. அந்தத் திருடர்கள் கொடுத்திருந்த முகவரியைச் சின்னவள் தனி லேப்டாப்பில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்தாள். அங்கே கெடு மாறியிருந்தது. நீங்கள் வெளியாட்களைக் கூட்டி வந்திருக்கிறீர்கள், இனி வெள்ளிக்கிழமை கிடையாது, புதன் மாலை ஐந்து மணி. சின்னவள் மெதுவாகத் திரும்பி, இந்த வைரஸை யாராவது நெட்டில் எங்கேயாவது ஏற்றினீர்களா என்று கேட்டாள். சிஸ்டம் சார் முதலில் இல்லை என்றார். பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் மட்டும் அது தன்னை அழித்துக்கொள்ளாமல் நகல் ஒன்று கிடந்ததாம். இதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளலாமே என்று, வைரஸ்களைச் சோதித்துச் சொல்கிற பொது இணையதளம் ஒன்றில் திங்கட்கிழமை காலையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். பொறுப்பான ஆள் செய்கிற காரியம்தான். ஆனால் அந்தத் தளத்தைத் திருடர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாங்கள் அனுப்பிய சரக்கு அங்கே வந்ததும் எந்த வீட்டில் யார் துப்புத் துலக்குகிறார்கள் என்று தெரிந்துபோகும்.

பெரியவளுக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல நாக்குத் துறுதுறுத்தது. சின்னவள் முந்திக்கொண்டாள்.

“விடுங்க சார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நானும் இதையே செஞ்சேன். ஒரு அச்சகம். பத்து வருஷ வேலை, ஒரு ஃபைல்கூடத் திரும்பல. அந்த அச்சகக்காரர் என்னைத் திட்டக்கூட இல்ல, அதுதான் இன்னும் உறுத்துது.”

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. சிஸ்டம் சார் அன்றிலிருந்து அவளுக்கு வலதுகை ஆகிவிட்டார். ஆனால் நிர்வாகத்துக்குப் பொறுமை போய்விட்டது. கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. கொடுத்தாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை, வந்தாலும் அது சரியாகத் திறக்கும் என்று நிச்சயமில்லை என்றாள் சின்னவள். பெரிய டாக்டர் பெரியவளைத் தனியே கூப்பிட்டு, உங்கள் ஓரகத்தியை நம்பலாமா என்று நேரடியாகக் கேட்டார். இரண்டு நாள் முன்னால் கேட்டிருந்தால் அவள் மழுப்பியிருப்பாள். “நம்பலாம் டாக்டர்” என்றாள். டிரைவரின் உயிரை வைத்தல்லவா வாக்குக் கொடுத்திருக்கிறாள்? புதன் நான்கு மணிவரை பார்ப்போம், அதற்குப் பிறகு அவர்களோடு பேசிவிடுவோம் என்று டாக்டர் முடித்தார்.

அன்று முழுக்கச் சின்னவள் அந்த வைரஸின் உள்ளே இருந்ததை வரி வரியாகப் படித்தாள். மனிதர் படிக்கிற மாதிரியான எழுத்தே இல்லை அது. இந்த எண்ணை அங்கே வை, அந்த எண்ணோடு கூட்டு, ஒத்துவராவிட்டால் இத்தனாவது வரிக்குத் தாவு, இப்படியே பல்லாயிரம் வரி. பாதிக்கு மேல் வேண்டுமென்றே போட்டுவைத்த குப்பை, படிக்கிறவனை அலைக்கழிக்க. அவள் அலையவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒவ்வொரு தாவலாகப் பின்தொடர்ந்து, இது குப்பை, இது குப்பை, இது வேலை என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனாள். சாப்பாட்டைப் பெரியவள் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், ஆறிப்போனதை எடுத்துப்போய் மறுபடி சூடுபண்ணி வைத்தாள். பின்னிரவு மூன்று மணிக்குச் சின்னவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பூட்டு ரொம்ப நல்ல பூட்டு, அதை யாராலும் உடைக்க முடியாது. ஆனால் சாவியை வெட்டின விதத்தில் சோம்பேறித்தனம் பண்ணிவிட்டான் என்றாள்.

சாவி என்பது ஒரு நீண்ட எண். அதை யாராலும் ஊகிக்க முடியாதபடி உண்டாக்கியிருக்க வேண்டும். இவன் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எடுத்து, அதிலிருந்தே சாவியைச் செய்திருக்கிறான். எந்தக் கணத்தில் செய்தான் என்று தெரிந்தால் அதே சாவியை இவளும் செய்துவிடலாம். பெரியவளுக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் போய்விட்டது. சனிக்கிழமை இரவிலிருந்து திங்கள் காலைவரை எந்தக் கணமாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க அரை நொடி ஆகும்படி அவன் இழுத்தடித்து வைத்திருக்கிறான், மொத்தத்தையும் ஒரு கம்ப்யூட்டர் தேடி முடிக்க இரண்டு வருஷம். அவர்கள் நிறுவனத்தில் இருக்கும் பத்தையும் பூட்டி உழுதாலும் இரண்டரை மாதம். ஃபைல்களில் இருந்த தேதி நேரத்தையெல்லாம் வைரஸ் ஒரே பொய்த் தேதியாக மாற்றிவிட்டது. சர்வரின் பதிவுகளையும் துடைத்துவிட்டது. அது எந்த நிமிஷத்தில் வந்தது என்று சொல்ல அந்த வலையில் ஒரு சாட்சி இல்லை.

“வலையில இல்லாதது ஏதாவது இருக்கா அக்கா? சர்வரோட பேசும், ஆனா தனக்குன்னு தனிக் கடிகாரம் வச்சிருக்கும், அப்படி ஏதாவது?”

பெரியவள் எழுந்து மெஷின் அறைக் கதவைக் காட்டினாள். சிகிச்சை மெஷின். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராவிட்டால் தன் சொந்தக் குறிப்பில் ஒரு வரி போடும். இரண்டு பேரும் ஓடாத குறையாகப் போனார்கள். இருந்தது. ஞாயிறு பகல் ஒன்று பதினேழு நாற்பத்திரண்டு நொடிக்கு சர்வர் பதில் சொல்லவில்லை. வைரஸ் ஃபைல்களைப் பூட்டுவதற்கு முன்னால் சர்வரின் வாயைக் கட்டிய நேரம் அது. சாவியும் அதே கணத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும் என்று சின்னவள் கணக்குப் போட்டாள். ஆனால் மெஷினின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடாதே என்று சின்னவள் உதட்டைக் கடித்தாள்.

இங்கேதான் பெரியவளின் பைத்தியக்காரத்தனம் ஒன்று கைகொடுத்தது. எதையும் அளந்து எழுதிவைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் பார்த்து, மெஷின் எத்தனை நொடி பின்தங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். ஒன்பது வருஷமாக. எதற்கு என்று கேட்காத ஆள் மருத்துவமனையில் கிடையாது, அவளுக்கே பதில் தெரியாது. கடைசி வெள்ளி: நான்கு நிமிஷம் பதினோரு நொடி. சின்னவள் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவள் கண்ணில் தெரிந்தது என்ன என்று பெரியவள் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. பொறாமை.

“அக்கா, இந்த மாதிரி ஒரு ஆள் என் டீமுக்குக் கிடைக்காதான்னு எத்தனை வருஷமா தேடிட்டிருக்கேன் தெரியுமா?”

இரண்டு வருஷத் தேடல் ஒரு நிமிஷத் தேடலாகச் சுருங்கியது. பத்து கம்ப்யூட்டர் சேர்ந்து ஓடினால் ஐம்பது நிமிஷம். ஒவ்வொரு திட்டத்தின் ஃபைலும் ஒரே பத்து எழுத்தில்தான் தொடங்கும், ஆகவே சரியான சாவி விழுந்தால் உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் எழுதித் தயார் பண்ணிப் புதன் மதியம் பன்னிரண்டரைக்குத் தேடலை ஓடவிட்டார்கள். பெரிய டாக்டர்கூட வந்து நின்றார். ஒன்று இருபதுக்குத் தேடல் முடிந்தது. சாவி இல்லை.

இரண்டு பக்கமும் ஒரு நிமிஷம் கூட்டி மறுபடி தேடினார்கள். அதுவும் முடிந்து மணி மூன்று. ஒன்றும் இல்லை. டாக்டர் திரும்பிப் போனார். நிர்வாகத்தார் பேச வேண்டியவர்களோடு பேச ஆயத்தம் செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. பெரியவள் தன் நோட்டையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். ஒன்பது வருஷமாகத் தப்பாகவே எழுதி வந்திருக்கிறேனோ? தாழ்வாரத்தில் டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் வரச்சொல்லவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று வந்துவிட்டாராம். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை, புலம்பவில்லை. தன் கோடு போட்ட நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். திங்கட்கிழமை முதல் வரியிலிருந்து, வைரஸ் செய்ததை அல்ல, தான் செய்ததைப் படிக்க ஆரம்பித்தாள். இதை எடுத்தேன், அதை மாட்டினேன், இந்த மணிக்கு ஓடவிட்டேன். நான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. அப்படியே நின்றது. பிறகு அறையில் இருந்த எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

“தப்பு என்னோடது. அக்கா நோட்டு சரியாத்தான் இருக்கு.”

வைரஸ் வந்து இறங்கியதும் உடனே வேலையைத் தொடங்குவதில்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று இருபது நிமிஷம் தூங்குவதுபோலப் பாசாங்கு பண்ணும். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இது தெரியும், ஆராய்கிறபோது அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. அந்தத் தூக்கத்தை வெட்டிவிட்டு நேரே அடுத்த வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கு அது மூக்கைச் சொறிகிற மாதிரி, கை தானாகச் செய்துவிடும். திங்கட்கிழமை அவள் கையும் செய்திருக்கிறது. நோட்டில்கூட ஒற்றை வார்த்தையில் எழுதியிருக்கிறாள். டீச்சரின் கம்ப்யூட்டரில் வந்தவுடனே பூட்டியது என்றால், அது இவள் தட்டி எழுப்பியதால். சர்வரில் அது தூங்கியிருக்கும். சாவியை அது வெட்டியது வந்து இறங்கிய கணத்தில், சர்வரின் வாயைக் கட்டியது இருபது நிமிஷம் கழித்து. இரண்டரை மணி நேரமாகத் தப்பான நிமிஷத்தைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை அவள் நிர்வாகத்தார் காதுபடச் சொன்னாள், ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல். தன் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் போட்டு உடைக்கிற ஒரு ஆளைப் பெரியவள் தன் டாக்டர்களிடையேகூட அதிகம் பார்த்ததில்லை.

இருபது நிமிஷம் பின்னால் போய் மூன்று பத்துக்குத் தேடலை மறுபடி ஓடவிட்டார்கள். சிஸ்டம் சார் சாமி கும்பிடுகிற பாவனையில் கைகூப்பிக்கொண்டு நின்றார். பெரியவள் சின்னவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே சும்மா ஓடுகிற எண்கள். இரண்டு பேரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அதையே வெறித்தார்கள். மூன்று முப்பத்தெட்டுக்கு எண்கள் நின்றன. சின்னவள் அந்தச் சாவியைப் போட்டு ஒரு ஃபைலைத் திறந்தாள். பஸ் டிரைவரின் பெயரும், அவர் தொண்டையின் படமும், அதன்மேல் பெரியவள் கையால் வரைந்த கோடுகளும் திரையில் வந்தன. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

ஆனால் சின்னவள் அவளை ரொம்ப நேரம் அழவிடவில்லை. திறந்துவிட்டது என்பதனால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, உள்ளே ஒரு எண் மாறியிருந்தாலும் எனக்குத் தெரியாது, இனி உங்கள் வேலைதான் என்று எழுந்து இடம் கொடுத்தாள். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோணங்களை, சிகிச்சை கொடுக்கப் போதாவிட்டாலும் சரிபார்க்க உதவும் என்று முன்பு காகிதத்தில் போட்டுவைத்த சுருக்கக் குறிப்போடு ஒத்துப் பார்த்தாள். மெஷினில் ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கதிரை ஓடவிட்டு அளந்தாள். இப்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது சின்னவள். எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டிரைவர் இருபத்துமூன்றாவது தடவையாகப் படுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்குக் காரில் போகும்போது பெரியவள் தானாகவே பேச்சை எடுத்தாள். மென்று விழுங்கிப் பழக்கமில்லாதவள்.

“உன் வேலையைப் பத்தி நான் என்னென்னவோ நினைச்சிருந்தேன். சொல்லியும் இருக்கேன்.”

“தெரியும் அக்கா. படிக்கட்டுல நின்னு கேட்டேன்.” சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். “பரவால்ல. உங்க கடிகார நோட்டைப் பத்தி எங்க வீட்டுக்காரரு என்கிட்ட சொன்னப்போ நானும் சிரிச்சேன்.”

வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று பெரியவளுக்கு ஆசை பிய்த்துக்கொண்டது. சின்னவள் கூடாது என்றுவிட்டாள். சாவியை வெட்டுவதில் ஓட்டை இருக்கிறது என்று வெளியே கசிந்தால் அவன் ஒரே நாளில் அதை அடைத்துவிடுவான். அடுத்து மாட்டுகிறவனுக்கு வழியே இருக்காது. அதனால் இவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். இதே தொழிலில் நம்பிக்கையான சிலருக்கு மட்டும் சொல்லி, எங்கெங்கே இந்தப் பூட்டு விழுகிறதோ அங்கே சத்தமில்லாமல் போய்த் திறந்துவிட்டு வருவார்கள். பத்திரிகையில் வராது, பரிசு கிடையாது. மருத்துவமனையும் மெஷின் பழுதுபார்க்கப்பட்டது என்று ஒரு தாளை ஒட்டியதோடு சரி. பதினோரு வருஷமாக இவள் இப்படித்தான் வேலை பார்த்திருக்கிறாள், யாரைக் காப்பாற்றினோம் என்று முகம்கூடத் தெரியாமல். அதை நினைக்க நினைக்கப் பெரியவளுக்கு ஆறவில்லை.

போன மூன்று நாளை ஈடுகட்ட டிரைவரை அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமையும் வரச் சொன்னார் டாக்டர். முப்பத்தைந்தாவது தடவை முடிந்த வியாழக்கிழமை அவர் மெஷின் அறையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது என்று முந்தின நாள்தான் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். குரல் சுத்தமாக அடைத்துப்போய் வெறும் காற்றாக வந்தது, ஆனால் வரும் என்றார் டாக்டர். அன்றைக்கு மெஷினைச் சரிபண்ணின மெக்கானிக் யார், அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று டிரைவர் பெரியவளிடம் கேட்டார். பெரியவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு போனை எடுத்து மேல்வீட்டு நம்பரைப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

“மெக்கானிக்கா பேசுறது?” என்றார் டிரைவர்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. “ஆமாங்க” என்றது சின்னவளின் குரல்.

“முப்பது வருஷம் வண்டி ஓட்டினேம்மா. ராத்திரியெல்லாம் வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தவங்களுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல. சாவியைக் கொடு, நேரமாச்சுன்னு பிடுங்கிட்டுப் போயிடுவேன்.” அவர் மூச்சு வாங்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் வலிப்பது முகத்தில் தெரிந்தது. “அவங்க எல்லாருக்கும் சேத்து உங்ககிட்ட சொல்லிக்கிறேன். வண்டி நல்லா ஓடுது தாயி.”

டிரைவர் போனைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு, பெரிய மனிதர்களுக்கு வேலை இருக்கும் என்பதுபோலக் கையசைத்து நடந்தார். பெரியவள் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் சின்னவள் விசும்பிக்கொண்டிருந்தாள். அவள் அழுது முடிக்கிறவரை பெரியவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.